இரண்டு பச்சை வண்டிகள்

கிள்ளானில் என்னுடைய மோட்டார் சைக்கிள் பட்டறையில் குமரேசன் பதினோரு வருடமாக வேலை செய்கிறான். நான் வாயாடி. கடையைத் திறந்தால் பூட்டும்வரை என் வாய் மூடாது என்று என் மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். குமரேசன் எனக்கு நேர் எதிர். காலையில் ஒரு 'வணக்கம் மொதலாளி', சாயங்காலம் ஒரு 'வரேன் மொதலாளி', நடுவில் ஸ்பேனர் சத்தம்தான். அப்படிப்பட்டவன், நான் இந்தியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கடையைக் கூட்டி முடித்த பிறகும் போகாமல் கதவோரம் நின்றான்.

"எங்கப்பா எங்கிட்ட பேசி நாலு மாசம் ஆவுது மொதலாளி. போன் போட்டா எங்கக்கா கையில குடுத்துடுறாரு. நீங்க எப்படியும் பெரம்பலூர் போறீங்க. அங்கேருந்து ஒரு எட்டு எங்கூட்டுக்குப் போயி, எம்மேல கோவமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். நாலு மாதத்துக்கு முன்னால் அவன் அம்மா அஞ்சலை இறந்தபோது அவனால் போக முடியவில்லை. பெர்மிட்டைப் புதுப்பிக்க அவனுடைய பாஸ்போர்ட்டை நான்தான் வாங்கி இமிக்ரேஷன் ஆபீசில் கொடுத்திருந்தேன். அது கைக்கு வருவதற்குள் அங்கே காரியமே முடிந்துவிட்டது. ஒரே மகன் உயிரோடு இருக்க, அக்கா மகன் கொள்ளி வைத்தான். அந்தக் கோபம் எந்தத் தகப்பனுக்கும் இருக்கும்.

அஞ்சலை இறந்த விதமும் சொல்லிவிட வேண்டும். குமரேசனின் அப்பா தங்கராசு வண்டி ஓட்ட, அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். ஓர் ஆடு குறுக்கே வந்து, வண்டி சாய்ந்து, தலையில் அடி. மறுநாள் உயிர் போய்விட்டது. அந்த வண்டி குமரேசன் பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த வண்டி.

அதைத் தேர்ந்தெடுத்தது நான். தங்கராசு முப்பது வருடமாக ஒரே பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். உதைத்து உதைத்து முட்டி தேய்ந்துபோய், டாக்டர் இனி உதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனிதர் வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்து வண்டியை அச்சு அசலாகப் புதுசாகச் செய்து விற்கிறார்கள் இல்லையா, வட்ட விளக்கு, டேங்க்கில் தங்கக் கோடு, பக்கத்தில் சின்னப் பெட்டி எல்லாம் வைத்து? உள்ளே மட்டும் எல்லாம் இந்தக் காலம். பட்டனைத் தொட்டால் கிளம்பும், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக். குமரேசன் போனில் இரண்டு படத்தையும் காட்டி, இது சரியா வருமா மொதலாளி என்று கேட்டான். "அதே வண்டிதான்டா. உங்கப்பா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றேன். முப்பத்தைந்து வருட மெக்கானிக் சொன்னால் அவன் வேறு யாரைப் போய்க் கேட்பான்?

பெரம்பலூரில் இறங்கியதும் முதல் வேலையாகப் பசியாறினேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குப் பருப்புக் குழம்பு ஊற்றும்போது சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஊற்றுவார்கள். இங்கே வாளியோடு வந்து, நான் கையைக் குறுக்கே நீட்டும்வரை சால்னாவை ஊற்றினார்கள். நீட்டிய கையிலும் ஊற்றினார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போடாமல் முழுசாகக் கேட்டதற்கு, ஊருக்குப் புதுசா என்று விசாரித்தார் பரிமாறியவர். மலேசியா என்றேன். அவருடைய மச்சான் ஜொகூரில் இருக்கிறாராம். அடையாளம் எல்லாம் சொல்லி, பார்த்ததுண்டா என்று கேட்டார்.

அன்றைக்கே பூலாம்பாடி போனேன். என் பாட்டனார் கப்பல் ஏறப் புறப்பட்ட ஊர். பங்காளிகள் இரண்டு வீடு இருக்கிறார்கள். வழியெல்லாம் தார் ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தது. ஆட்டோக்காரர் அதன் ஓரமாக, ஒரு மணி கூட நசுங்காமல் வளைந்து வளைந்து ஓட்டினார். எங்கள் ஊர் போலீஸ் பார்த்தால் சோளத்துக்கே சம்மன் கொடுத்துவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோளத்துக்குச் சொந்தக்காரர் அவருடைய மாமனாராம்.

பூலாம்பாடி டீக்கடை வாசலில் அந்த ஜாதி வண்டிகள் நாலைந்து வரிசையாக நின்றன. கறுப்பு, சிவப்பு, ஒன்று பச்சை. எல்லாம் இருபது வயசுப் பையன்களுடையவை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ அப்பனோ அனுப்பியதாக இருக்கும். நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். தாங்கள் பழசை வாங்கிப் புதுசு மாதிரி தெரிய வேண்டும் என்று துடைத்துத் துடைத்து வைத்ததாகவும், இவன்கள் புதுசை வாங்கிப் பழசு மாதிரி காட்டிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, டீயை ஆற்றிக் குடித்தார். எனக்கு அந்தப் பச்சை வண்டியைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. பங்காளி வீட்டில் கிடாக் கறி போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் அரியலூர் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். கண்டக்டர் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்து, அதிலும் காற்று இல்லை என்று கண்டுபிடித்தார். யாரும் கோபப்படவில்லை, நான் ஒருவன்தான் புலம்பினேன். ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றும் போகும்போது பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். எங்கள் ஊரிலும் செம்பனைப் பழ லாரி ஓடும், ஆனால் இப்படி மாவு தூவிக்கொண்டு ஓடாது. அரியலூர் போய்ச் சேர்ந்தபோது என் தலை முடி, மீசை எல்லாம் நரைத்துப் போயிருந்தது. கொஞ்சம் ஏற்கெனவே நரைத்ததுதான், மிச்சத்தை அந்த ரோடு பார்த்துக்கொண்டது.

குமரேசனின் ஊரான ரெட்டிபாளையத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. தங்கராசு என்றதும், "பொஞ்சாதியப் பறிகொடுத்தாரே, அவரா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். நெடுநெடு என்று உயரமான மனிதர். சுரங்கத்தில் பாறையைத் துளை போடும் மெஷின் ஓட்டியவர், காது கொஞ்சம் மந்தம். என்னைவிட நாலு வயசு கூட இருக்கும். கிள்ளானிலிருந்து வருகிறேன், குமரேசன் வேலை செய்யும் பட்டறை என்னுடையது என்று சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, உடனே சரியாகிவிட்டது. வாங்க ஐயா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் சாந்தி ஓடி வந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அஞ்சலை போனதிலிருந்து அவர் கறி தொடுவதில்லையாம். எனக்குத் தன் கையால் பரிமாறிவிட்டு, ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

கை கழுவியதும் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. பையன் மேல் கோபமா அண்ணே, அவன் வராதது அவன் தப்பில்லை, பாஸ்போர்ட்டை ஆபீசில் மாட்டி வைத்தது நான், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள் என்றேன்.

"எம்புள்ள மேல எனக்கு என்னங்க கோவம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். சாந்தி என்னைப் பார்த்து, இப்படித்தான் எப்பவும் என்பது போல் உதட்டைப் பிதுக்கினாள்.

கொல்லையில் தகரக் கொட்டகையின் கீழே இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எனக்கு அழுகை முட்டியது, அதோடு கண்ணை எடுக்கவும் முடியவில்லை. மெக்கானிக் புத்தி அப்படி. அதே பச்சை, அதே தங்கக் கோடு, விளக்கின் மேலே அதே சின்னக் குல்லாய். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எது முப்பது வருடத்தது, எது ஆறு மாதத்தது என்று தெரியாது. புதுசு வலது பக்கமாக விழுந்திருக்கிறது. வலது கைப்பிடியின் முனை தேய்ந்து, வலது கண்ணாடி போய், வலது பக்கத்துக் காப்புக் கம்பி உள்ளே மடங்கியிருந்தது. இடது பக்கம் ஒரு கீறல் இல்லை. ஆனால் இடது பக்கம் இருக்கிற கியர் மிதி மட்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. வலது பக்கம் விழுந்த வண்டிக்கு இடது பக்கம் ஏன் வளைகிறது? தூக்கி நிறுத்தும்போது யாராவது ஏறி மிதித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே ஒழிய மனசு ஒப்பவில்லை.

குமரேசன் அவனுடைய சித்திக்கு முட்டி வலித் தைலமும் ஒரு சேலையும் கொடுத்து விட்டிருந்தான். சித்தி என்றால் அஞ்சலையின் தங்கச்சி, விக்கிரமங்கலத்தில் இருக்கிறார். அஞ்சலை அன்றைக்குப் போய்க்கொண்டிருந்ததும் அந்த வீட்டுக்குத்தான். அடுத்த நாள் காலையில் பஸ் நேரம் விசாரித்தேன். தங்கராசு கொட்டகையைப் பார்த்தார். பழைய வண்டியை நான் தடவித் தடவிப் பார்த்ததைக் கவனித்திருக்கிறார்போல. ஓட்டிப் பார்க்கிறீங்களா என்று கேட்டார். எனக்கு ஆசைதான், மறைப்பானேன். வழி காட்டத் தானும் பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொன்னார். சாந்திக்கு ஆச்சரியம். அம்மா போனபின் அப்பா எந்த வண்டியிலும் ஏறவில்லையாம்.

அவரே சாவியைப் போட்டு, கரண்ட் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, தேயாத கால் எதுவோ அந்தக் காலால் ஓர் உதை உதைத்தார். வண்டி 'டுப் டுப்' என்று உயிர் பிடித்தது. என் மாமா ஒருவர் அந்தக் காலத்தில் தோட்டத்துரை விற்ற இங்கிலீஷ் வண்டி ஒன்று வைத்திருந்தார், அதே சத்தம். இந்த ஜாதிப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருகிற எல்லா வண்டியிலும் இது நேர் மாறு. அவர் அதைச் சொன்னார், நானும் தெரியும் அண்ணே, நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன். பெருமைக்குத் தகுந்தாற்போல ஓட்டவும் செய்தேன். முதல் கியருக்கு மேலே தள்ளி, மற்றதுக்கெல்லாம் கீழே மிதித்து, தப்பே இல்லாமல் ஏழெட்டு மைல் போனோம். பருத்திக் காட்டுக்கு நடுவில் காலைக் காற்று. பின்னால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கிள்ளான் கதை எல்லாம் கத்திக்கொண்டே போனேன். மந்தக் காதுக்கு எவ்வளவு கேட்டதோ.

ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போன டிப்பர் லாரி சட்டென்று நின்றுவிட்டது. பின்விளக்கு எதுவும் எரியவில்லை. நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. நிற்பதற்குப் பதிலாக இலகுவாகி இன்னும் ஓடியது. மறுபடி மிதித்தேன். லாரியின் இரும்புக் கதவு முகத்துக்கு நேரே வந்தது. ஹேண்டில்பாரை எப்படி ஒடித்தேன் என்று தெரியாது, வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம் புதரில் போய்ச் செருகி நின்றது. இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தோம். முழங்கையில் சிராய்ப்பு, வேட்டி கிழிசல், வேறொன்றும் இல்லை. லாரிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பிரேக் பிடிக்கவில்லை அண்ணே, இரண்டு தடவை மிதித்தேன் என்றேன்.

"எந்தக் காலுல மிதிச்சீங்க?" என்று கேட்டார்.

நான் என் கால்களைப் பார்த்தேன். வலது கால் செருப்பு இன்னும் அழுத்தினபடியே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வலது கால்தான். முப்பத்தைந்து வருடமாகப் பிரேக் இருக்கிற கால். இந்த வண்டியில் அங்கே இருப்பது கியர். மிதிக்க மிதிக்க அது மேல் கியருக்குப் போயிருக்கிறது.

"எனக்கு எடது காலுங்க" என்றார் தங்கராசு.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு அந்தப் புது வண்டியில் கீழே வளைந்திருந்த இடது மிதி ஞாபகம் வந்தது.

அவர் புதரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆடும் இல்லை, மாடும் இல்லை. இதே மாதிரி ஒரு லாரிதான் முன்னால் நின்றது. புது வண்டியை இரண்டு மாதமாக நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். கியர் இடது பக்கம் என்று ஷோரூமில் சொல்லிக் கொடுத்து, அவரும் பழகிவிட்டார். அன்றைக்கு அவசரத்துக்கு இடது கால் தானாகப் போய் மிதித்தது. வண்டி உதறியதே தவிர நிற்கவில்லை. ஒடித்தார். அவர் வண்டியோடு சாய்ந்தார், அஞ்சலை தனியாகப் போய் விழுந்தார்.

"டேங்க்கப் பாத்தா அதே வண்டி. வெளக்கப் பாத்தா அதே வண்டி. வேற மாதிரி ஒண்ணா இருந்திருந்தா நான் பயந்து ஓட்டியிருப்பேங்க. இது நம்ம வண்டிதானேன்னு ஓட்டிட்டேன்."

அப்படியானால் குமரேசனிடம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னா, நான் அனுப்புன வண்டிதான் எங்கம்மாவக் கொன்னுச்சுன்னு காலம் பூரா நெனப்பான். அதான் ஆட்டு மேல பழியப் போட்டேன். ஊருல எல்லாருக்கும் சொல்லிட்டேன், போலீசுக்குச் சொல்லிட்டேன். எம்புள்ள கொரலக் கேட்டா மட்டும் ஆடு வாயில வரமாட்டேங்குது."

நான் அழுதுவிட்டேன். ரோட்டோரத்தில், போகிற வருகிற லாரிப் புழுதியில், அறுபதை நெருங்குகிற கிழவன் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த வண்டியை வாங்கச் சொன்னவனே நான்தான் அண்ணே, கியர் பக்கம் மாறியிருக்கிறதே, பழகின கால் தப்புமே என்று ஒரு மெக்கானிக்குத் தோன்ற வேண்டாமா, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொன்ன பாவி நான்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "எங்க மொதலாளி இப்படிச் சொன்னாருப்பான்னு அன்னிக்கே போன்ல சொன்னான்."

தெரிந்துதான் நேற்று கோழி அடித்துப் போட்டிருக்கிறார். தெரிந்துதான் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க என்று நின்று பரிமாறியிருக்கிறார். என் மேல் கோபம் இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை. வாயாடிக்கு வாய் அடைத்துப்போன நாள் அது. அவரே, சொன்னவர் என்ன செய்வார், ஓட்டினவன் நான் என்று சொல்லிவிட்டு, வண்டியைப் புதரிலிருந்து இழுக்க எழுந்தார்.

விக்கிரமங்கலம் வரைக்கும் மிச்ச தூரத்தை அவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சித்தி வாசலிலேயே எங்கள் கோலத்தைப் பார்த்துப் பதறினார். என்ன ஆச்சு மாமா என்று கேட்டதும், தங்கராசு கண் இமைக்காமல் "ஆடு குறுக்க வந்துடுச்சு" என்றார். அந்த அம்மா ஆட்டை, ஆட்டை மேய்க்கிறவனை, அவனைப் பெற்றவளை எல்லாம் வரிசையாகச் சாபம் விட்டார். அக்காவைக் கொன்ன சாதி இன்னும் அடங்கலையே என்று மாரில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் பட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அக்கா போன மறுவாரமே, தான் வளர்த்த ஆறு ஆட்டையும் சந்தைக்கு ஓட்டிவிட்டாராம், அதுகள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல். தங்கராசுவுக்கு அது தெரியாது போலிருக்கிறது. பட்டியைப் பார்த்தவர், கொடுத்த மோரைக் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சாந்தி இட்லி சுட்டு வைத்திருந்தாள். நான் தங்கராசுவைக் கொல்லைக்குக் கூப்பிட்டேன். பையன் அங்கே தூங்காமல் கிடக்கிறான் அண்ணே, தான் கொள்ளி வைக்காததற்குத்தான் அப்பா பேசவில்லை என்று நினைத்துச் சாகிறான், நீங்கள் ஒரு பாரத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்றேன். ஆடு என்றே சொல்லுங்கள், நானும் போய் ஆடு என்றே சொல்கிறேன், ஆனால் பேசுங்கள். அவர் கையை நீட்டினார். நம்பரைப் போட்டு, மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அப்பனும் மகனும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. அவர் வேப்பமரத்துப் பக்கம் போனார், நான் கொட்டகைக்குப் போனேன். சும்மா இருக்கக் கை வரவில்லை. ஓர் இரும்புக் குழாயைத் தேடி எடுத்து, புது வண்டியின் வளைந்த மிதியில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நிமிர்த்தினேன். குமரேசன் என்றைக்காவது ஊருக்கு வருவான். வந்தால் இந்த வண்டி முன்னால் குந்துவான். அவன் நான் தயார் செய்த மெக்கானிக், வலது பக்கம் விழுந்த வண்டிக்கு இடது மிதி ஏன் வளைந்தது என்று அவனும் கேட்பான். நிமிர்த்திய இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்ததை, கொஞ்சம் கிரீஸைத் தடவி மறைத்தேன். செய்கிறபோது கை கூசியது. அப்படியும் செய்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். தங்கராசு திரும்பி வந்து போனைக் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. "பேசிட்டேன்" என்றார். வேறு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே சாந்தி அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புது வண்டியை விற்றுவிடலாமே அண்ணே என்று கேட்டேன். புள்ள அனுப்பினது, அது பாட்டுக்கு நிக்கட்டும் என்றார். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

கிள்ளானுக்கு வந்த மறுநாள் காலையில் கடையைத் திறந்தேன். குமரேசன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். முகம் தெளிந்திருந்தது. அப்பா பேசிவிட்டார் மொதலாளி, எல்லாம் சொன்னார், ரொம்ப நன்றி என்று அவன் சேர்த்துப் பேசியதே எனக்கு ஒரு விசேஷம் மாதிரி இருந்தது. தே தாரிக் டீ வாங்கி வந்து இரண்டு பேரும் குடித்தோம். பிறகு அவன் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தான்.

அம்மா விழுந்த இடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டான். பார்த்தேன்டா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? பொய் சொல்கிறவனுக்கு, கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நம்புவார்கள் என்று ஒரு நினைப்பு. வளைவான இடம், ரெண்டு பக்கமும் கருவேலம், உள்ளே ஆடு நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது, உங்கப்பா மேல் ஒரு தப்பும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"நல்ல கறுப்பு ஆடாம்டா. தார் ரோட்டுல கறுப்பு ஆடு, எப்படித் தெரியும்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்பா வெள்ளைன்னாரு" என்றான்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. குமரேசன் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சங்கிலியை மண்ணெண்ணெய்க்குள் போட்டு, எடுத்து, ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தான். அதை முழுசாகத் துடைத்து முடித்து, எண்ணெய் போட்டு, வண்டியில் மாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வெள்ளையாவே இருக்கட்டும் மொதலாளி. எங்கப்பா கேட்டா நீங்களும் வெள்ளைன்னே சொல்லுங்க."